மலையேறிய படகுகள்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் பாட்டிமார் சொல்வது. காலம் மாறும், மேலிருப்பவன் கீழே வருவான் என்று ஆறுதல் சொல்வதற்காக வந்த வாக்கு. அதை யாரும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, நிஜமாகவே ஓடத்தை வண்டியில் ஏற்றிக் காடு மலையெல்லாம் இழுத்துக்கொண்டு போவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1915-இல் அதைச் செய்தது. ஓடம் ஒன்றல்ல, இரண்டு. பெயர்கள் மிமி, தூத்தூ.

பெயரைக் கேட்டால் போர்ப்படகு என்று தோன்றாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இரண்டும் லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் தார்னிகிராஃப்ட் நிறுவனத்தில் பிறந்தவை. நீளம் 40 அடி, அகலம் 8 அடி. கிட்டத்தட்ட நம் ஊர் டவுன் பஸ்ஸின் அளவு. உடல் மஹோகனி மரம். உள்ளே இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 100 குதிரைத்திறன். கிரேக்க நாட்டு விமானப் பிரிவு, தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கு எடுபிடி வேலை செய்யக் கேட்டிருந்த படகுகள் இவை. போர் வந்ததும் கடற்படை அவற்றை எடுத்துக்கொண்டது. ஓட்டம் நல்ல ஓட்டம், ஏறத்தாழ 19 நாட் வேகம். ஆனால் பலகை மெல்லியது. துப்பாக்கிக் குண்டுக்கே தாங்காது.

இவற்றுக்கு ஆப்பிரிக்காவில் என்ன வேலை?

டாங்கனிக்கா ஏரியை வரைபடத்தில் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல இருக்கும். வடக்கு தெற்காக ஏறத்தாழ 670 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆழத்தில் உலகின் இரண்டாவது ஏரி. 1914-இல் இதன் கிழக்குக் கரை ஜெர்மானியரிடம், மேற்குக் கரை பெல்ஜியரிடம், தெற்கு முனை பிரிட்டிஷாரிடம். ஐரோப்பாவில் போர் மூண்ட அதே மாதத்தில் ஜெர்மானியரின் ஹெட்விக் ஃபான் விஸ்மன் என்ற சிறு நீராவிக் கப்பல் ஏரியைக் கடந்து போய், பெல்ஜியரிடம் இருந்த ஒரே உருப்படியான கப்பலான அலெக்சாந்தர் டெல்கொம்யூனைச் சுட்டு முடக்கிவிட்டது. கிங்கானி என்று இன்னொரு சின்னக் கப்பலும் அவர்களிடம் இருந்தது. தெற்கே பிரிட்டிஷாரிடம் இருந்த ஓரிரு படகுகளையும் நவம்பருக்குள் ஒழித்தார்கள். அதன்பின் ஏரி முழுவதும் ஜெர்மானியரின் குளம்தான். படைகளை எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம், ஏற்றலாம். எதிரிக்குக் கரையில் நின்று பார்க்க மட்டுமே முடியும்.

ஜான் லீ என்று ஒருவர். யானை வேட்டைக்காரர், அந்தப் பக்கத்துக் காடுகளை நடந்தே அறிந்தவர். அவர் 1915 ஏப்ரலில் லண்டன் கடற்படைத் தலைமையகத்துக்குப் போய் ஒரு யோசனை சொன்னார். ஏரியில் வைத்துக் கப்பல் கட்ட நினைத்தால் ஜெர்மானியருக்குத் தெரிந்துவிடும். வேகமான சின்னப் படகுகளாக இங்கிருந்தே கொண்டுபோய் இறக்குங்கள். தென்னாப்பிரிக்கா வரை கப்பல், பிறகு ரயில், பிறகு காடு. காட்டில் பாதை போட முடியும், நான் பார்த்திருக்கிறேன்.

யாராவது இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். அட்மிரல் சர் ஹென்றி ஜாக்சன் சிரிக்கவில்லை. கப்பல் மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் எங்கே இருந்தாலும் அங்கே போய் எதிரியோடு மோதுவது கடற்படையின் மரபு என்ற கருத்தில் அவர் ஒப்புதல் எழுதியதாகச் சொல்வார்கள். தண்ணீர் இருக்கும் இடம் வரை எப்படிப் போவது என்பது வேறு பிரச்சினை. இடனறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், கப்பல் தரையில் ஓடாது என்பதை உவமையாகவே வைத்தவர். அட்மிரல் அவரைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

இந்த வேலைக்குத் தலைவராக ஆள் தேடியபோது கிடைத்தவர் ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன். வேறு நல்ல அதிகாரிகள் எல்லாரும் கடலில் இருந்தார்கள் என்பதுதான் இவர் தேர்வானதற்கு முக்கியத் தகுதி. டாஸ்மானியாவில் பிறந்தவர். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தும் பதவி உயர்வு இல்லாமல் லெஃப்டினன்ட் கமாண்டராகவே தேங்கிப்போனவர். அதற்குக் காரணம் இருந்தது. 1914 நவம்பரில் இவர் பொறுப்பில் இருந்த நைஜர் என்ற கப்பலை டீல் கரையோரத்தில் வைத்து ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அந்த நேரத்தில் இவர் கரையில், ஓர் ஓட்டலில், விருந்தினரோடு இருந்தார் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் மேசை வேலைதான். உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டவர், தான் செய்த சாகசங்களை அளவில்லாமல் அளப்பவர், சொந்தப் பெயரெழுத்து அச்சிட்ட சிகரெட்டைப் பிடிப்பவர்.

படகுகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னதும் இவர் எழுதி அனுப்பியது: பூனை, நாய். மேலிடம் அதிர்ந்துபோய் மறுத்துவிட்டது. சரி என்று அடுத்து எழுதினார்: மிமி, தூத்தூ. பிரெஞ்சுக் குழந்தைகள் பூனையையும் நாயையும் கொஞ்சுகிற பேச்சு அது. நம் வீட்டில் 'தோ தோ' என்று நாயைக் கூப்பிடுகிறோமே, அந்த ரகம். மேலிடத்துக்குப் பிரெஞ்சு பிடிபடவில்லையோ, அலுத்துப்போனதோ, பெயர் நிலைத்துவிட்டது. ஆக, உலகின் மிகப் பெரிய கடற்படையின் பதிவேட்டில் ஒரு மியாவும் ஒரு லொள்ளும் சேர்ந்தன.

ஒவ்வொரு படகின் முன்னணியத்திலும் மூன்று பவுண்டு குண்டு எறியும் ஒரு பீரங்கி, பின்னால் ஒரு மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி. தேம்ஸில் வெள்ளோட்டம் பார்த்தபோது பீரங்கியைத் தளத்தோடு சரியாக இறுக்கவில்லையாம். குண்டு குறியில் போய் விழுந்தது. கூடவே பீரங்கியும் சுட்டவரும் ஆற்றில் விழுந்தார்கள் என்பது அந்தக் குழுவினர் பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை. அதைச் சரிசெய்த பிறகும் ஒரு குறை தீரவில்லை. மெல்லிய உடம்பு என்பதால் நேர் முன்னால்தான் சுடலாம். பக்கவாட்டில் திருப்பிச் சுட்டால் பின்னுதைப்பில் பலகை பிளந்துகொள்ளும். சுடுகிறவர் மண்டியிட்டுக் குறி பார்க்க, சுக்கான் பிடித்தவர் படகையே எதிரி பக்கம் திருப்ப வேண்டும். படகுதான் பீரங்கிவண்டி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏரியில் உதவும்.

1915 ஜூன் 15. டில்பரி துறைமுகத்தில் லான்ஸ்டெஃபன் காஸில் என்ற பயணிகள் கப்பலின் மேல்தளத்தில் இரண்டு படகுகளையும் தொட்டிலில் படுக்கவைத்தார்கள். கூடப் போனவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. ஜூலை தொடக்கத்தில் கேப்டவுன். அங்கிருந்து ரயிலில், தட்டைப் பெட்டிகளில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, இன்றைய தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா வழியாகப் பெல்ஜியன் காங்கோவின் எலிசபெத்வில். இன்று அது லுபும்பாஷி. ஆகஸ்டு தொடக்கத்தில் ஃபுங்குருமே என்ற இடத்துக்கு வந்தபோது தண்டவாளம் முடிந்துவிட்டது.

இதுவரை நடந்தது சரக்குப் போக்குவரத்து. எந்த பியானோவும் இப்படிப் போயிருக்கும். படகுகளின் வாழ்க்கை இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

ஃபுங்குருமேயிலிருந்து அடுத்த ரயில் பாதை தொடங்கும் சாங்கிசியா வரை சுமார் 150 மைல். நடுவே மிடும்பா மலைத்தொடர். உச்சியில் பாதை 6,000 அடி உயரத்துக்குப் போகிறது. ஏறக்குறைய கொடைக்கானலுக்கு நாற்பதடிப் படகை இழுத்துக்கொண்டு போவதுபோல, ஆனால் சாலை இல்லாமல். லீ முன்னாலேயே போய், ஊராரைக் கொண்டு மரம் வெட்டிப் பாதை திறந்து வைத்திருந்தார். குறுக்கே ஓடிய ஓடைகளுக்கும் பள்ளங்களுக்கும் மரப்பாலங்கள். மொத்தம் 150-க்கு மேல் என்கிறார்கள். அத்தனையும் வெட்டிய கட்டையும் சுள்ளியும் மண்ணும் கொண்டு போட்டவை. படகுகள் வருவதற்குள் லீயையே ஸ்பைசர் விலக்கிவிட்டார். குடித்துவிட்டு உளறுகிறார் என்று புகார். யோசனைக்குச் சொந்தக்காரர் அந்த யோசனை நிறைவேறுவதைப் பார்க்கவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பாதையில் நடக்க இடம் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இழுப்பதற்கு இரண்டு நீராவி இழுவை எஞ்சின்கள் தென்பக்கத்திலிருந்து ரயிலில் வந்தன. முனிசிபாலிட்டி ஷெட்டில் துருப்பிடித்து நிற்குமே பழைய கரி ரோடு ரோலர், அதன் பெரிய பின்சக்கரத்தை இரண்டு மடங்கு ஆக்கிக்கொண்டால் உருவம் கிடைத்துவிடும். ஆகஸ்டு 18 அன்று ஊர்வலம் கிளம்பியது. முன்னால் எஞ்சின், பின்னால் இரும்புச் சக்கரத் தொட்டிலில் படகு, அதன்பின் விறகும் பெட்ரோலும் குண்டுகளும் ஏற்றிய வண்டிகள். முதல் பாலத்திலேயே எஞ்சினின் எடை தாங்காமல் கட்டைகள் நொறுங்கின. தூக்கி நிறுத்தினார்கள், மறுபடி பாலம் போட்டார்கள். நாளொன்றுக்கு ஐந்தாறு மைல் போனால் நல்ல நாள்.

தேர் இழுத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்கிற நூறு பேரைவிடச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர்தான் முக்கியம். மேட்டில் பின்னால் சரியாமலும் பள்ளத்தில் முன்னால் பாயாமலும் கட்டையைச் சரியான நொடியில் செருக வேண்டும், கை நசுங்காமல் எடுக்கவும் வேண்டும். மிடும்பா ஏற்றத்தில் அதேதான் நடந்தது. எஞ்சின் மட்டும் இழுத்து முடியாத இடங்களில் டஜன் கணக்கில் காளைகளைப் பூட்டினார்கள். அதுவும் போதாத செங்குத்தில் மேலே ஒரு பெரிய மரத்தில் கப்பி கட்டி வடத்தைத் திருப்பிவிட்டு, அடி அடியாகப் படகை ஏற்றினார்கள். உச்சி சேர்ந்தது செப்டம்பரில். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். எஞ்சினைப் பின்னால் கட்டி, அதையே பிரேக்காக வைத்து, படகை முன்னால் விட்டு இறக்க வேண்டியிருந்தது.

எஞ்சினுக்குத் தீனி விறகு. அது காட்டில் கிடைத்தது. தண்ணீர்தான் கிடைக்கவில்லை. அது வறண்ட பருவம், ஓடைகள் வற்றிக் கிடந்தன. மழை வந்துவிட்டால் பாதை சேறாகிவிடும், வராவிட்டால் கொதிகலன் காய்ந்துவிடும். ஒரு கட்டத்தில் எஞ்சின்கள் நடுக்காட்டில் நின்றுபோயின. படைவீரர்கள் தங்களுக்கான குடிநீரை அளந்து குடித்தார்கள். அப்போது சுற்றுவட்டார ஊர்களின் பெண்கள் மைல் கணக்கில் நடந்து, தலையில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொதிகலனில் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகிச் சக்கரம் உருண்டது.

இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். குடத்தைத் தலையிலிருந்து இறக்கி, சூடான இரும்பு வாயில் ஊற்றும்போது உள்ளிருந்து உஸ்ஸென்று வந்த சத்தம் அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அந்த வண்டி யாரைச் சுடப் போகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா? அவர்களுக்கு அந்த ஏரியின் இந்தக் கரைத் துரையும் ஒன்றுதான், அந்தக் கரைத் துரையும் ஒன்றுதான். ரப்பருக்காக மன்னர் லெயோபோல்டின் ஆட்கள் செய்த கொடுமை முடிந்து ஏழெட்டு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் கேட்டு வெள்ளைக்காரன் வந்தால் இல்லை என்று சொல்லும் நிலையிலா அந்த ஊர்கள் இருந்தன? இந்தப் பயணத்தைப் பற்றி வந்த புத்தகங்களில் ஸ்பைசரின் சிகரெட்டுக்குக்கூட விவரம் உண்டு. மரம் வெட்டியவர்களும் குடம் சுமந்தவர்களும் எண்ணிக்கையாக மட்டும் வருகிறார்கள்.

மரப்படகுக்கு வெயில் ஆகாது. காய்ந்தால் பலகை சுருங்கும், இணைப்பு வாய் பிளக்கும். இரவில் குளிர், பகலில் கொதிக்கும் வெயில், சுற்றிலும் காட்டுத்தீ. அத்தனையையும் தாண்டி செப்டம்பர் 28-இல் இரண்டு படகுகளும் சாங்கிசியா வந்தன. நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மழை இன்னும் வரவில்லை. அதைத் திட்டமிடல் என்பதா, அதிர்ஷ்டம் என்பதா என்று தெரியவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரம் ரயில், புகாமா என்ற ஆற்றுத்துறை. லுவாலபா ஆறு, அதாவது காங்கோ நதியின் மேற்பகுதி. டில்பரியை விட்ட பிறகு முதல் தடவையாகப் படகுகள் தண்ணீரைத் தொட்டன. ஆனால் ஓட முடியவில்லை. கோடையில் ஆறு மெலிந்து மணல் தட்டிக் கிடந்தது. காலிப் பீப்பாய்களை அடியில் கட்டி உடலை மேலே உயர்த்தி, துடுப்புப் போடும் ஊர்க்காரர்களைக் கொண்டு தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரே நாளில் பல தடவை தரை தட்டியது. 200 குதிரைத்திறன் எஞ்சின் உள்ளே சும்மா கிடக்க, ஆள் கையால் தள்ளப்பட்டது அந்தப் போர்ப்படகு. ஆழம் வந்த இடத்தில் ஓர் ஆற்று நீராவிக் கப்பல் ஏற்றிக்கொண்டது. கபாலோ என்ற ஊரில் மறுபடி ரயில். அக்டோபர் இறுதியில் ஏரிக்கரை லுகுகா. இன்றைய கலேமி.

இங்கிலாந்திலிருந்து ஏறக்குறைய 10,000 மைல். நாலரை மாதம்.

லுகுகாவில் துறைமுகம் என்று ஒன்று இல்லை. பாறையைக் கொட்டித் தடுப்புக் கட்ட இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை படகுகளைக் கரையில் மறைத்து வைத்தார்கள். என்னதான் நடக்கிறது என்று வேவு பார்க்க நீந்தி வந்த ஒரு ஜெர்மன் அதிகாரி டிசம்பர் தொடக்கத்தில் பிடிபட்டார். அவர் பார்த்த செய்தி அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை.

ஸ்பைசர் இந்த இடைவேளையில்தான் தம் புகழ்பெற்ற உடைக்கு மாறினார். காக்கித் துணியில் முழங்கால் வரை ஒரு பாவாடை. மனைவி தைத்துக் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கைகால் முழுக்கப் பச்சை குத்திய பாம்பும் பட்டாம்பூச்சியும் வெளியே தெரிய நடமாடியவரை, ஏரிக்கரை ஹோலோஹோலோ மக்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 'வயிற்றுத்துணித் துரை' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். பின்னால் அவரைப் போலவே பொம்மை செய்து வைத்தார்கள் என்றும் படிக்கிறோம். பக்தி என்று ஆங்கிலேயர் எழுதிக்கொண்டார்கள். கிண்டலாகவும் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 22, 23 தேதிகளில் படகுகள் ஏரியில் இறங்கின. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்பைசர் தம் ஆட்களை நிறுத்திப் பிரார்த்தனை நடத்திக்கொண்டிருந்தபோது கிங்கானி கண்ணில் பட்டது. பிரார்த்தனையை முடித்துவிட்டுத்தான் ஆட்களை அனுப்பினாராம். கிங்கானியின் பீரங்கியும் முன்பக்கம் மட்டுமே சுடும். வேகமும் குறைவு. மிமியும் தூத்தூவும் அதன் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. பின்னால் வருகிறவனைச் சுட அது தன்னைத் திருப்ப வேண்டும், திரும்பத் திரும்ப இவையும் சுற்றிக்கொண்டன. முன்னே சொன்னேனே, படகுதான் பீரங்கிவண்டி. வேகம் உள்ளவன் பக்கம் கணக்கு சாய்ந்துவிட்டது. கிங்கானியின் கேப்டன் யுங்க செத்துவிழுந்தார். எஞ்சின் அறையிலிருந்து மேலே வந்தவர் வெள்ளைத் துணி அசைத்தார். எல்லாம் 11 நிமிடத்தில் முடிந்தது.

பிடிபட்ட கிங்கானியைப் பழுது பார்த்து, பெரிய பீரங்கி ஒன்றை ஏற்றி, ஸ்பைசர் அதற்கும் பெயர் வைத்தார்: ஃபிஃபி. குருவி கத்துவது அப்படித்தானாம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜிடமிருந்து பாராட்டுத் தந்தி வந்தது. தம் படைகளிலேயே ஆகத் தொலைவில் இருப்பது என்று அதில் குறிப்பிட்டிருந்தார்.

கிங்கானி திரும்பாததைப் பற்றி விசாரிக்க வந்த ஹெட்விக்குக்கு 1916 பிப்ரவரி 9-இல் முடிவு வந்தது. இந்த முறை தூத்தூ இல்லை, ஜனவரிப் புயலில் அடிபட்டிருந்தது. ஃபிஃபியில் ஸ்பைசர், மிமியில் வெயின்ரைட். இந்த வெயின்ரைட்தான் மலைப்பாதையில் இழுவை எஞ்சின்களை மேய்த்தவர். ஃபிஃபி மெதுவாகத்தான் போகும். பெரிய பீரங்கி வெடிக்கிற ஒவ்வொரு முறையும் பின்னுதைப்பில் நின்றேபோகும். மிமி பொறுக்காமல் முந்திப் போய், ஹெட்விக்கின் பின்னால் நாய்க்குட்டிபோலக் கடித்துக்கொண்டே ஓடியது. அதைச் சுட அது திரும்பத் திரும்ப, ஃபிஃபிக்குத் தூரம் குறைந்தது. கையில் மிஞ்சிய கடைசிச் சில குண்டுகளில் ஹெட்விக் மூழ்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகு. மறுநாள் காலை தொடுவானத்தில் ஒரு புகை. கிராஃப் ஃபான் கோட்சன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து நின்றது.

அதற்கும் ஒரு பயணக்கதை உண்டு, மிமியின் கதைக்குச் சற்றும் இளைத்ததல்ல. வடஜெர்மனியில் கால்வாய்களால் கோடு போட்ட பாப்பன்பர்க் என்ற சிற்றூரில், மேயர் கப்பல்துறையில், 1913-இல் முழுதாகக் கட்டி, பிறகு மரையாணி மரையாணியாகப் பிரித்து, 5,000 பெட்டிகளில் அடைத்து, தாரெஸ்சலாம் வழியாக ஏரிக்கரைக் கிகோமாவுக்குக் கொண்டுவந்து, மறுபடி கோத்த கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 70 மீட்டர். 1915 பிப்ரவரியில் வெள்ளோட்டம். மேலே ஒரு 10.5 சென்டிமீட்டர் பீரங்கி. எம்டன் என்று நம் மொழியிலேயே ஒரு சொல்லாகிவிட்டதே, 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைச் சுட்ட அந்தக் கப்பலில் இருந்ததும் இதே அளவுப் பீரங்கிதான். கோட்சனுக்கு இது வந்தது கோனிக்ஸ்பெர்க் என்ற இன்னொரு ஜெர்மன் போர்க்கப்பலிலிருந்து. ரூஃபிஜி ஆற்றுக் கழிமுகத்தில் பிரிட்டிஷார் அதை ஒழித்த பிறகு, பீரங்கிகளை மட்டும் ஜெர்மானியர் மீட்டு உள்நாட்டுக்கு இழுத்து வந்திருந்தார்கள்.

ஸ்பைசரின் ஆட்கள் படகில் ஏறத் தயாராக நின்றார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். நிதானம் என்று சிலர், பயம் என்று சிலர். கூட இருந்தவர்களில் பலர் இரண்டாவதையே நம்பினார்கள். மிமியின் மூன்று பவுண்டுப் பீரங்கி அந்த இரும்பு மலையைச் சொறிந்திருக்கும் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதோடு மிமி, தூத்தூவின் போர் முடிந்தது. ஸ்பைசருக்குப் பதக்கம் கிடைத்தது, உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார், அதன்பின் எந்தப் படையையும் நடத்தவில்லை.

சி. எஸ். ஃபாரஸ்டர் 1935-இல் எழுதிய 'தி ஆப்பிரிக்கன் குயின்' நாவலுக்கும், 1951-இல் ஜான் ஹூஸ்டன் எடுத்த படத்துக்கும் விதை இந்தச் சம்பவம்தான். படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட்டும் கேதரின் ஹெப்பர்னும் ஓர் ஓட்டைப் படகில் ஆற்றோடு வருகிறார்கள், காதல் வருகிறது, ஜெர்மன் கப்பல் மூழ்குகிறது. நல்ல படம், மறுப்பதற்கில்லை. ஆனால் கதையின் முதுகெலும்பான அந்த மலைப்பாதை அதில் இல்லை. இரண்டு வெள்ளைக்காரர் போதும் என்று ஆகிவிட்டது.

கோட்சனை எந்தப் படகும் மூழ்கடிக்கவில்லை. கிகோமாவுக்கு வரும் ரயில் பாதை கைவிட்டுப் போகும் நிலையில், 1916 ஜூலை 26-இல் ஜெர்மானியரே அதை மூழ்கடித்தார்கள். பாப்பன்பர்க்கிலிருந்து கப்பலோடு கூடவே வந்திருந்த ஆண்டன் ரூயட்டர் என்ற தொழிலாளிக்குத்தான் அந்த வேலை. தான் கோத்த கப்பலைத் தானே தண்ணீருக்குள் அனுப்பவேண்டும். அவர் அதற்கு முன் எஞ்சின் முழுவதும் கிரீஸை அப்பிவிட்டார். என்றாவது ஒருநாள் எடுப்பார்கள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. 1924-இல் பிரிட்டிஷார் தூக்கி, கழுவித் துடைத்தார்கள். கிரீஸ் தன் வேலையைச் செய்திருந்தது. 1927-இல் லியம்பா என்ற புதுப்பெயரோடு அது பயணிகள் கப்பலாக ஓடத் தொடங்கியது. ஃபிஃபி அதற்குள் ஏரியின் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

லியம்பா இந்த நூற்றாண்டிலும் ஓடியது. ஏரிக்கரையில் பல ஊர்களுக்குத் துறை கிடையாது. இரவிலும் சங்கு ஊதிவிட்டு ஆழத்தில் நின்றுவிடும். உடனே இருட்டிலிருந்து மரப்படகுகள் வரும், பத்து, பதினைந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. கப்பலின் இரும்பு விலாவில் திறந்த கதவருகே இடம்பிடிக்கப் போட்டி. அன்னாசி மூட்டை மேலே போகும், கருவாட்டுச் சிப்பம் போகும், குழந்தையை ஒருவர் கைமாற்ற இன்னொருவர் வாங்கிக்கொள்வார், கோழிக்கூடை தண்ணீரில் விழுந்து யாரோ திட்டுவார்கள். கால் மணி நேரத்தில் கப்பல் நகரும். மரப்படகுகள் அதன் அலையில் ஆடியபடி கரைக்குத் திரும்பும்.